டீச்சர் பக்கத்துப் பிரேக்

"பயப்படாதீங்க" என்பதைப் போல உதவாக்கரை வார்த்தை உலகத்தில் இல்லை. பயந்து நடுங்குகிறவரிடம் போய் அதைச் சொன்னால் நடுக்கம் குறையாது. தான் நடுங்குவது பார்க்கிறவருக்கும் தெரிந்துவிட்டதே என்ற வெட்கம் வேறு கூடச் சேர்ந்துகொள்ளும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சர் இதைத் தொழிலுக்கு வந்த புதிதிலேயே புரிந்துகொண்டுவிட்டாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை எந்த மாணவரும் கேட்டதில்லை.

அவளிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு இடங்களில் தேறாமல் வந்தவர்கள். வரிசையாகக் கார் நிறுத்தி வைத்திருக்கும் பெரிய பயிற்சிப் பள்ளிகள் ஊரில் உண்டு. அங்கே வேலை வேகமாக நடக்கும். குரலும் கொஞ்சம் உயரும். ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் வேர்த்துக் கொட்டுகிறவர்கள், லாரியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், சிக்னலில் பின்னாலிருந்து ஒருத்தன் ஹாரன் அடித்தால் அழுதுவிடுகிறவர்கள், இவர்களையெல்லாம் அந்தப் பள்ளிக்காரர்களே "நீங்க அந்த மெதுவா டீச்சர்கிட்டப் போயிடுங்க" என்று கைகாட்டி அனுப்பிவிடுவார்கள். அவளிடம் இருப்பது ஒரே ஒரு சாம்பல் நிறக் கார், அதன் கூரைமேல் ஒரு மஞ்சள் பலகை. 'மெதுவா டீச்சர்' என்பது கேலிக்கு வைத்த பேர்தான். ஆனால் அந்தப் பேரால்தான் பிழைப்பு நடந்தது. பிறகு அவள் ஏன் கோபித்துக்கொள்ளப் போகிறாள்?

முதல் வகுப்பில் கார் நகராது. சாவியை அவள் தன் மடியிலேயே வைத்துக்கொள்வாள். மாணவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, உடம்பில் எங்கே இறுக்கமாக இருக்கிறது என்று நிதானமாக விசாரிப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவரை வாயைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்வாள். தோளைக் காதுவரை ஏற்றி வைத்திருப்பவரை இன்னும் ஏற்றச் சொல்லி, பிறகு பொத்தென்று விடச் சொல்வாள்.

"பயம் உடம்புல எங்க உட்கார்ந்திருக்குன்னு கண்டுபிடிச்சிட்டா, எழுந்திருன்னு சொல்லலாம். எங்கன்னே தெரியாம யாரை எழுப்புறது?" என்பாள்.

அதற்கு அப்புறம்தான் சாவி. கிளட்ச்சை விடும்போது, சூடான டீயை ஆற்றுகிற மாதிரி வாயால் நீளமாக ஊதிக்கொண்டே விடவேண்டும். மூச்சு தீரும்போது காலும் மேலே வந்திருக்கும். மூச்சை உள்ளே இழுப்பதைப் பற்றி அவள் கவலைப்படவே மாட்டாள். அது தானாக நடக்கும், பயந்தவர்கள் மறந்துபோவது வெளியே விடுவதைத்தான் என்பது அவள் கட்சி. கார் ஓட ஆரம்பித்ததும் கண்ணில் பட்டதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். வாய்க்கு வேலை கொடுத்துவிட்டால் மனசு கண்டதையும் பேசாது. பல் டாக்டர் ஒருவர் இப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தார்: "முன்னாடி சைக்கிள். அதுல ஒருத்தர். அவருக்கு முன்பல் ரெண்டும் எடுப்பு." அதெல்லாம் வேண்டாம் டாக்டர், சைக்கிள் வரைக்கும் போதும் என்று அவரைத் திருத்த வேண்டியிருந்தது. இன்னொரு கண்டிப்பும் உண்டு. காருக்குள் யாரும் 'சாரி' சொல்லக் கூடாது. சாரி சொல்கிறவர் டீச்சர் முகத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் ரோட்டை யார் பார்ப்பது?

இவ்வளவு நடக்கும்போதும் அவள் கைகள் மடியில் கோத்தபடி இருக்கும். குரல் ஏறாது, இறங்காது. பக்கத்தில் லாரி உரசிக்கொண்டு போனாலும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. அவளிடம் படித்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுவது கியரைப் பற்றியோ கிளட்ச்சைப் பற்றியோ இருக்காது, அந்த முகத்தைப் பற்றித்தான் இருக்கும். பதறாத காரியம் சிதறாது என்று அவளைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னவர்களும் உண்டு.

சிஸ்டர் வந்தது அந்த முகத்தை நம்பித்தான்.

அவர் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ். டீச்சரைவிட வயதில் மூத்தவர். தலையை இறுக்க முடிந்து, வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லாதவர். ரத்தத்தைப் பார்த்துக் கண் சிமிட்டாத அந்த மனுஷி, ரவுண்டானாவைப் பார்த்துக் கண் கலங்கினார். இந்த வயதில் கார் எதற்கு என்று டீச்சர் கேட்கவில்லை, அவரே சொன்னார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இனிமேல் மாடிப்படியும் கூடாது, நாள் முழுக்க நிற்பதும் கூடாது. ஆஸ்பத்திரியில் அவருக்குத் தோதாக ஒரே ஒரு வேலைதான் இருந்தது. சின்னக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பது. அதற்கு லைசென்ஸ் வேண்டும். தலைமை நர்ஸ் பழைய சிநேகத்தில் அந்த இடத்தை அவருக்காகப் பிடித்து வைத்திருந்தார்.

"இது கிடைக்கலேன்னா வேலையை விட்டுட்டு வீட்டுல உட்காரணும், டீச்சர். வேலையை விட்டுட்டா நான் யாருன்னு எனக்கே தெரியாது" என்றார் சிஸ்டர். அதை அழுதுகொண்டு சொல்லவில்லை. நோயாளியின் காய்ச்சலை டாக்டரிடம் சொல்கிற குரலில் சொன்னார்.

கற்றுக்கொண்டார், நன்றாகவே கற்றுக்கொண்டார். சொன்னபடி ஊதினார், சொன்னபடி பார்த்ததைச் சொன்னார். சந்தைத் தெரு, பள்ளிக்கூட வளைவு, தபால் ஆபீஸ் இறக்கம் எல்லா இடத்திலும் கார் தண்ணீரில் போகிற படகு மாதிரி போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இவர் ஒரே தடவையில் தேறிவிடுவார் என்று டீச்சர் வீட்டில் பெருமையடித்துக்கொண்டாள்.

ஒரே தடவையில் தேறவில்லை. தேர்வு எடுக்கிற ஆபீசர் பேசவே மாட்டார். மாணவர்கள் அவருக்கு 'மௌனசாமி' என்று பேர் வைத்திருந்தார்கள். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததும் சிஸ்டருக்கு என்ன ஆயிற்றோ, முதல் தடவை நாற்சந்தியில் தாமதமாக நிறுத்தினார். இரண்டாவது தடவை ஆட்கள் நடந்து கடக்கிற வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றார். இரண்டு தடவையும் பிரேக்தான். தலைமை நர்ஸ் கூப்பிட்டு, இன்னும் ஒரு தேர்வு வரைக்கும்தான் தன்னால் இடத்தைப் பிடித்து வைக்க முடியும், அதிலும் தேறவில்லையென்றால் வேறொருத்திக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

"என்னால ஆகாது போல, டீச்சர். நீங்க பக்கத்துல இருந்தா வருது. அவர் உட்கார்ந்தா போயிடுது" என்றார் சிஸ்டர்.

அது மௌனசாமியின் முகத்தைப் பார்த்து வருகிற பயம் என்று டீச்சர் அடித்துச் சொன்னாள். மருந்து கேட்காவிட்டால் அதே மருந்தை அதிகமாகக் கொடுக்கிற வைத்தியர்போல, இன்னும் ஊதச் சொன்னாள். சிஸ்டரும் வார்டில் உள்ள டீயெல்லாம் ஆறிப்போகும் அளவுக்கு ஊதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் காரைக் கழுவுவது வழக்கம். அன்றைக்குத் தரைவிரிப்புகளை எடுத்து உதறிவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பெடல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலுக்கு, மற்றது பக்கத்தில் உட்காரும் டீச்சர் காலுக்கு. இரண்டையும் ஒரு கம்பி இணைத்திருக்கும். ஒன்றை அமுக்கினால் மற்றதும் கீழே போகும். ஆபத்துக்கு என்று வைத்தது அது. இரண்டு பெடலுக்கும் ரப்பர் உறையை ஒரே நாளில்தான் மாற்றியிருந்தாள். மாணவர் பக்கத்து ரப்பரில் வரிகள் புதுசு மாதிரி எழும்பி நின்றன. தன் பக்கத்து ரப்பரைத் தொட்டாள். வழவழவென்று தேய்ந்து, பெருவிரல் படுகிற இடத்தில் உலோகமே தெரிந்தது.

ஈர பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தாள். அவளுக்குத் தெரிந்தவரை, அந்தப் பிரேக்கை எப்போதாவதுதான் போடுகிறாள். அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியும் வந்தாள்.

மறுநாள் பல் டாக்டரோடு போகும்போது ரோட்டைப் பார்க்காமல் தன் காலைக் கவனித்தாள். பள்ளிக்கூட வளைவு வந்தது. வளைவு வருகிறது என்று அவள் நினைப்பதற்கு முன்பே பாதம் பெடலின்மேல் போயிருந்தது. பூவைத் தொடுகிற மாதிரி மெல்ல அமுக்கியது. டாக்டர் காலைப் பிரேக்கில் வைத்தபோது பெடல் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. தன் கால்தான் அமுக்கியது என்று அவர் நம்பினார், நம்பாமல் என்ன செய்வார்? நாற்சந்தியிலும் அதேதான், சிக்னலிலும் அதேதான். காலைப் பின்னால் இழுத்துவைத்துப் பார்த்தாள். உடனே உள்ளங்கை வேர்த்து, தாடை இறுகியது. அடுத்த திருப்பத்தில் கால் அவளைக் கேட்காமலே போய் அமுக்கிவிட்டு வந்தது. முகம் மட்டும் எப்போதும்போல அமைதியாக இருந்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்பார்களே, அந்தப் பல்லிக்கு விழுந்த பிறகாவது விஷயம் தெரிந்திருக்கும்.

இது எப்போது ஆரம்பித்தது என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. தொழிலுக்கு வந்த முதல் வருஷம் ஒரு மாணவர் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்து, காரை ஒரு சலூனின் கண்ணாடிக் கதவுக்குள் கொண்டுபோய்விட்டார். யாருக்கும் காயமில்லை. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் எழுந்து தெருவில் ஓடியதை ஊர் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது. அவளும் கூடச் சிரித்தாள். அவள் கால் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த பயத்தை அது மட்டும் தனியாக வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வேலை பார்த்து வந்திருக்கிறது.

அப்படியானால் சிஸ்டரின் கால் இன்றுவரை தானாக ஒரு தடவைகூடக் காரை நிறுத்தியதில்லை. தேர்வில் மௌனசாமி தன் காலைத் தன் பாட்டுக்கு வைத்திருந்தார், அவ்வளவுதான். இதை நினைத்தபோது டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். எந்தச் சிக்கலுக்கும் சத்தமில்லாமல் திறக்க ஒரு வழி இருக்கும் என்று நம்புகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதை வெளியே சொல்வானேன், நாளையிலிருந்து காலை மட்டும் எடுத்துவிட்டால் போயிற்று, சிஸ்டர் இரண்டு நாள் தடுமாறுவார், அப்புறம் சரியாகிவிடும் என்றார். தொழில் பேர் கெட்டால் திரும்ப வருமா என்றும் கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மெதுவா டீச்சரின் பிழைப்பே அந்த அமைதியான முகத்தில்தான் இருந்தது. ஆனால் டீச்சருக்கு மறுபடி மறுபடி ஒன்றுதான் காதில் விழுந்தது: 'என்னால ஆகாது போல'. அது சிஸ்டர் தன்னைப் பற்றிச் சொன்னது. அதைச் சொல்லவைத்தது இவள் கால். அந்தப் பொய்யை வாயால்தான் எடுக்க வேண்டும், காலை மட்டும் எடுத்தால் போதாது என்று அவளுக்குப் பட்டது.

அடுத்த வகுப்பில் காரை ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். ரப்பரையும் காட்டினாள். சிஸ்டர் குனிந்து இரண்டு ரப்பரையும் விரலால் தடவிப் பார்த்தார், புண்ணைப் பார்ப்பது போல.

"அப்ப இத்தனை நாளா நான் ஓட்டவே இல்லையா?"

"ஓட்டினீங்க, சிஸ்டர். நிறுத்தினது மட்டும் நான்."

"நிறுத்தத் தெரியாதவளை ஓட்டத் தெரிஞ்சவன்னு யாராவது சொல்வாங்களா?"

டீச்சர் சாரி சொல்ல வாயெடுத்தாள். தான் போட்ட சட்டம் ஞாபகம் வந்து, சட்டமாவது மண்ணாவது என்று சொல்லியும் விட்டாள். சிஸ்டர் காது கொடுக்கவில்லை. கதவைத் திறந்து, வலிக்கிற முழங்காலோடு மெல்ல இறங்கி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். கூப்பிட்டு ஏற்றிக்கொள்ள டீச்சருக்குத் தைரியம் வரவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

அந்த வாரம் முழுக்க சிஸ்டர் வரவில்லை. தேர்வு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் போன் செய்யவில்லை. கோபித்துக்கொள்கிறவரைத் துரத்திப்போய்ச் சமாதானம் சொல்வது, அவர் காலுக்குப் பதிலாகப் பிரேக் போடுகிற வேலைதான் என்று இப்போது அவளுக்கே தெரிந்திருந்தது. மற்ற மாணவர்களிடம் ஒருவர் ஒருவராக விஷயத்தைச் சொன்னாள். பல் டாக்டர் முகம் வெளுத்துப்போய், இனிமேல் டாக்ஸியிலேயே போய்க்கொள்கிறேன் என்றார்.

ஒரு சாயங்காலம் சிஸ்டர் வார்டு வேலை முடிந்த உடுப்போடு வந்து, காருக்குள் ஏறி ஸ்டீயரிங்குக்கு எதிரே உட்கார்ந்தார். ரெண்டு நாள் கோபமாக இருந்தது, மூணாம் நாள் கோபப்பட நேரமில்லை, வார்டு நிறைய நோயாளி என்று முன்னுரை சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"இன்னிக்கு ஒருத்தருக்குத் தானே ஊசி போட்டுக்கச் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தேன். அவருக்குக் கை நடுங்குது. ஊசி அந்தப் பக்கம் போகுது, இந்தப் பக்கம் போகுது. பார்க்கச் சகிக்கல. அப்பத்தான் என் கை ரெண்டும் எங்க இருக்குன்னு பார்த்தேன். தொடைக்கு அடியில. எப்பவும் அப்படித்தான் உட்காருவேன் போல. இல்லேன்னா கை தானாப் போய் வாங்கிடும். நான் போட்டுட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஆனா அவர் வீட்டுக்குப் போனதும் யார் போடுவா?"

டீச்சர் குனிந்து தன் காலைப் பார்த்தாள். "கைக்குத் தொடை இருக்கு. நான் காலை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று கேட்டாள்.

"சம்மணம் போட்டு உட்காருங்க."

இப்படியாக, மெதுவா டீச்சர் தன் காரில் தானே பாடம் கேட்கப் போனாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் கிடங்குகளுக்கு நடுவே சாயங்காலத்தில் காலியாகக் கிடக்கும் சிமென்ட் தரை ஒன்று உண்டு. அங்கே காலி அட்டைப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்தார்கள். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையில் சம்மணம் கொட்டி உட்கார்ந்தாள். கைப்பிரேக் நடுவில் இருந்தது. உண்மையாகவே ஆபத்து என்றால் கைக்கு எட்டும். சிஸ்டர் காரை எடுத்தார். அட்டைப்பெட்டிக்கு முன்னால் வழக்கமான தூரத்தில் பிரேக்கில் காலை வைத்தார், வழக்கம்போல நிற்கும் என்று நம்பினார். கார் நிற்கவில்லை. பெட்டிகள் நசுங்கின. டீச்சர் கண்ணை இறுக்க மூடியிருந்தாள். மூட்டை தூக்குகிற ஒருவர் நின்று பார்த்துவிட்டு, காருக்குள் சம்மணம் போட்டுக் கண்மூடி உட்கார்ந்திருக்கும் அம்மாளைத் தியானம் செய்கிறவள் என்று நினைத்து, சத்தம் போடாமல் நகர்ந்து போனார்.

"எங்க உட்கார்ந்திருக்கு, டீச்சர்?" என்று கேட்டார் சிஸ்டர்.

"உள்ளங்கால்ல" என்றாள் டீச்சர். "நரம்பு பிடிச்சு இழுக்குது."

"அப்ப ஊதுங்க."

மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்ததைத் தான் செய்யும்போது அவளுக்கு அது கஷ்டமாக இருந்தது. மூச்சு பாதியில் அறுந்தது. ஊதுவதால் பயம் போய்விடும் என்று அவள் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தாள். போகவில்லை. கார் பெட்டியை நெருங்க நெருங்க அது அங்கேயே இருந்தது. அவள் ஊதிக்கொண்டே அதோடு கூட உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து அது தானாகக் களைத்துப்போனது. மறுபடி கார் கிளம்பியதும் மறுபடி வந்தது. ஆனாலும் முன்னைவிடச் சீக்கிரம் களைத்தது.

சிஸ்டருக்கும் அங்கேதான் பிரேக் என்றால் என்னவென்று தெரிந்தது. அது இவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. எவ்வளவு முன்னால் கால் வைக்க வேண்டும், எவ்வளவு அமுக்கினால் உடம்பு முன்னால் குலுங்கும், எவ்வளவு அமுக்கினால் குலுங்காது என்பதையெல்லாம் முதலிலிருந்து படித்தார். நசுங்காத பெட்டிகள் ஒவ்வொரு நாளும் கூடின. பிறகு அமைதியான தெருக்களுக்குப் போனார்கள், அப்புறம் சந்தைத் தெருவுக்கு. போக்குவரத்து உள்ள இடங்களில் டீச்சர் ஒரு காலை மட்டும் மடித்துக்கொண்டு மற்றதைக் கீழே விட்டாள். தேவைப்பட்டால் போட வேண்டுமே. எது தேவை, எது பழக்கம் என்று அந்தக் கால் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தபால் ஆபீஸ் இறக்கத்தில் ஒரு தடவை அது பெடலுக்குப் போய்விட்டது. "டீச்சர்" என்றார் சிஸ்டர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். கால் திரும்பி வந்தது.

தேர்வு நாளன்று மௌனசாமி வந்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டு, டீச்சரின் இருக்கையில் உட்கார்ந்தார். கார் தேர்வு மைதானத்தின் வாசலைத் தாண்டி ரோட்டில் திரும்பியது. டீச்சர் சுவரோரமாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். தலைமை நர்ஸ் பிடித்து வைத்திருக்கும் அந்த இடம் இன்றோடு சிஸ்டருக்கு உண்டா இல்லையா என்று முடிந்துவிடும். அதில் தான் செய்யக்கூடியது எதுவும் இனி இல்லை என்பது அவளுக்கு அந்தப் பெஞ்சில்தான் முழுசாக உறைத்தது.

சிஸ்டருக்குப் பின்னால் கிளம்பிய கார் திரும்பி வந்தது. அதற்கும் பின்னால் கிளம்பியதும் வந்தது. சாம்பல் நிறக் காரைக் காணவில்லை. டீச்சரின் கால் சிமென்ட் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது. எழுந்து நடக்கலாமா, வாசல்வரை ஓடிப்போய்ப் பார்க்கலாமா என்று உடம்பு பறந்தது. அவள் எழவில்லை. "உடைஞ்ச நாற்காலி. சொட்டுற குழாய். ஒரு காவலாளி. விரல்ல கட்டு" என்று மெல்ல வாய்விட்டுச் சொன்னாள். காவலாளி எட்டிப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், கண்ணில் பட்டதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றாள். அவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கார் வந்தபோது சிஸ்டரின் முகம் வேர்வையில் நனைந்து கிடந்தது. போச்சு என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர். மௌனசாமி இறங்கி, காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டே அவளிடம் வந்தார். அவர் குரலை அவள் அதிகம் கேட்டதில்லை, கரகரவென்று இருந்தது.

"சந்திலேருந்து ஒரு வேன் திடீர்னு குறுக்க வந்துச்சு. உங்க ஆளு கரெக்டா நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம்தான் கை நடுங்க ஆரம்பிச்சுது. ஓரமா நிறுத்திட்டு, 'சார், எனக்குப் பயமா இருக்கு. இது கொஞ்சம் அடங்கினதும் போகலாம்'னாங்க. காத்திருந்தேன். அப்புறம் போனோம்."

அதற்கு மார்க் குறைப்பீர்களா என்று டீச்சர் கேட்டாள்.

"ஓரம் கட்டும்போது இன்டிகேட்டர் போட்டாங்களே" என்றார் மௌனசாமி. "அப்புறம் எதுக்குக் குறைக்கணும்?"

காகிதத்தைக் கிழித்துச் சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு அவர் அடுத்த காரைப் பார்த்து நடந்தார். சிஸ்டர் அதை ஒரு தடவை படித்தார். பிறகு, ஒரு தடவைக்கு மேல் எதையும் சொல்லாத அந்த மனுஷி, திரும்பவும் ஒரு தடவை படித்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் நடுக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"ஓரம் கட்டணும்னு நான் சொல்லித் தரவே இல்லையே, சிஸ்டர்."

"நீங்க இருந்திருந்தா, அந்த வேன் மூக்கை நீட்டறதுக்கு முன்னாடியே வண்டி நின்னிருக்கும். எனக்குப் பயமே வந்திருக்காது" என்றார் சிஸ்டர். "வந்தாத்தானே, டீச்சர், அதை என்ன பண்றதுன்னு நான் பார்க்க முடியும்?"

டீச்சருக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கேயோ சுருக்கென்றும் இருந்தது. தன்னிடம் படித்துப் போன மற்றவர்கள், தன் கால் இல்லாத ரோடுகளில் இத்தனை வருஷமாக யாரும் சொல்லித்தராமல் தாங்களாகவே நின்று நின்று போய்க்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. அவர்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்போல இருந்தது.

சிஸ்டர் சாவிக்குக் கையை நீட்டினார். இனி அவருக்கு லைசென்ஸ் உண்டு. பக்கத்தில் யாரும் இருக்க வேண்டியதில்லை. டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டு, காரைச் சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். தன் காரில் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கே மிதிக்க எதுவும் இல்லை. கார் கிளம்பி, சாயங்கால நெரிசலுக்குள் கலந்தது. முன்னால் ஒரு பஸ் திடீரென்று நின்றது. சிஸ்டரும் நிறுத்தினார், கொஞ்சம் குலுக்கலோடு. டீச்சரின் நெஞ்சு படபடவென்று அடித்து, பிறகு மெல்ல அடங்கியது.

வீட்டுக்காரர் போன் செய்தார். தேறிவிட்டார்களா என்று கேட்டார். தேறிவிட்டார்கள் என்றாள். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். அதைச் சொல்லி முடித்துவிட்டு, ரோட்டுச் சத்தம் கேட்கிறதே, யார் ஓட்டுகிறது என்று கேட்டார்.

"சிஸ்டர்."

"அப்ப நீ என்ன பண்ற?"

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் சும்மா வர்றேங்க" என்றாள்.